தூணிலும் சுவரிலும்

சுவரில் கிறுக்குவது வேறு, சித்திரம் தீட்டுவது வேறு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வேற்றுமை யாது எனின், அனுமதி பெற்றது சித்திரம், பெறாதது கிறுக்கல் என்பது பலருடைய விடை. இவ்விடை போதுமா என்பதை அலகாபாத் கோட்டையிலுள்ள அசோகத் தூணைக் கொண்டு சோதித்துப் பார்ப்போம்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தம் மக்களுக்கு உரைத்த அறம் அத்தூணில் பொறிக்கப்பட்டது. பின்னர் சமுத்திரகுப்தரின் வெற்றிகளைப் போற்றி ஹரிசேனர் இயற்றிய மெய்க்கீர்த்தியும் அதில் ஏறியது. இடையிலும் பின்னும் யாத்திரிகர் பலர் தத்தம் பெயர்களைக் கீறிச் சென்றனர். அக்பரின் அவையை அலங்கரித்த பீர்பால் 1575-இல் மாக மேளாவுக்கு வந்து சென்றதைக் கூறும் சிறு வாசகமும் அங்கே உண்டு. 1605-இல் ஜஹாங்கீர் தம் வம்சாவளியைப் பாரசீக எழுத்தில் வெட்டச் செய்தார். எழுத்து நேர்த்தியானதுதான், ஆனால் அசோகரின் வரிகள் பல அதனால் அழிந்தன. நாடாளும் மன்னர் யாரிடம் அனுமதி கேட்பார்? பிறர் சொல்லின்மேல் தம் பெயரை நிறுத்துவதே கிறுக்கலின் இயல்பு என்றால், யாத்திரிகரைவிடப் பேரரசரே அதில் மிஞ்சிவிட்டார்.

யாத்திரிகரின் கீறல்கள் இன்று சரித்திர ஆசிரியருக்குச் சான்றாகின்றன. அது காலம் அளித்த மதிப்பு, கலையின் மதிப்பன்று. இதைச் சாக்கிட்டு ஆணியுடன் புறப்படுவோர், பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சிதைத்தால் இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டென்பதை மறக்கலாகாது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தம் அது.

அலகாபாத்தில் அழிந்த வாசகம் தில்லியில் பெரோஸ் ஷா கோட்லாவிலுள்ள அசோகத் தூணில் எஞ்சியிருப்பது நம் நற்பேறு. அங்கிருந்து சிறிது தொலைவில், அந்நாளில் காவல்துறைத் தலைமையகமாக இருந்த கட்டடத்தின் சுவரில், காந்தியடிகளின் மாபெரும் உருவத்தை 2014-இல் ஹென்ட்ரிக் பைகிர்ஷ், அன்பு வர்க்கி என்னும் இருவர் தீட்டினர். பல மாடி உயரமுள்ள அவ்வோவியத்தில் வழிப்போக்கர் காண்பது காந்தியடிகளை; ஓவியர் பெயரைத் தேடுவோர் சிலரே.

பின்னர் லோதி காலனியிலும் இப்பணி தொடர்ந்தது. 1940-களில் அரசு ஊழியருக்கெனக் கட்டிய குடியிருப்பு அது. ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள், வளைவு வாயில்கள், வெறுஞ்சுவர்கள். வாயில் வளைவையும் சித்திரத்தின் ஓர் அங்கமாக்கிக்கொண்ட ஓவியர்களும் உண்டு. அங்கே எவருடைய சொல்லும் அழிக்கப்படவில்லை. வெயிலும் மழையும் வண்ணத்தை மங்கச் செய்யும் என்பதை அறிந்தே தீட்டினார்கள். கோப்பும் கையுமாக அலுவலகம் விரையும் நம்மைப் போன்றோர், அச்சுவர்களின் அருகே நடையைச் சற்றுத் தளர்த்துகிறோம்.