பாணனுக்குச் சொன்ன வழி

"சார், இந்த வாரம் செஞ்சிக்கு டூர் போறோம். கோட்டையைப் பத்தி எல்லாம் நெட்ல பார்த்துட்டோம். அங்கே நல்ல காபி எங்கே கிடைக்கும்? அப்புறம்..." என்று இழுத்தார் அந்தக் கல்லூரி மாணவர். "அப்புறம், சாயந்திரம் பசங்களோட உட்கார்றதுக்கு பார் கீர் ஏதாவது..."

"வயசு என்னப்பா?"

"இருபது, சார்."

"தமிழ்நாட்டுச் சட்டப்படி 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விற்கக் கூடாது. ரெண்டாவது கேள்வியை அடுத்த வருஷம் கேளு!" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம், செஞ்சி வட்டாரத்துக்கு இது புதிய கேள்வியே இல்லை. எந்த ஊரில் என்ன குடிக்கக் கிடைக்கும், யார் தருவார்கள், தொட்டுக்கொள்ள என்ன என்று வழிப்போக்கனுக்கு வரிசையாகச் சொல்கிற ஒரு 'கைடு', சங்க காலத்தின் கடைசிப் பகுதியிலேயே இங்கே எழுதப்பட்டுவிட்டது.

அதன் பெயர் சிறுபாணாற்றுப்படை. எழுதியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். மொத்தம் 269 அடிகள். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் வேறெங்கும் இல்லை, இன்றைய திண்டிவனத்தில்தான் இருக்கிறது. செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம்.

கதை ரொம்ப எளிமையானது. வீட்டில் அடுப்பே எரியாத ஒரு பாணன் பசியோடு வருகிறான். ஏற்கெனவே நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கித் திரும்பும் இன்னொருவன் அவனுக்கு வழி சொல்கிறான். முதலில் கடற்கரையோரம் எயிற்பட்டினம் வரும். பரதவர்கள் பழைய, நன்றாக முற்றிய தேறலை ஊற்றுவார்கள், கூடவே சுட்ட மீன் உண்டு. அடுத்தது வேலூர் (கோட்டை வேலூர் அல்ல, இது வேறு). அங்கே எயினர் வீட்டில் புளி போட்ட சூடான சோறும் காட்டு மாட்டுக் கறியும். ஆமூர் போனால் உழவர் வீட்டில் கைக்குத்தல் அரிசிச் சோறு, நண்டுக் கறி. கடைசியாக அரண்மனை. அங்கே தரும் தேறலின் வேகத்தைச் சொல்ல, சீறுகிற பாம்பைத் துணைக்கு அழைக்கிறார் புலவர். 

இதில் என்னைக் கவர்ந்தது மெனு அல்ல. பின்னாளில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பாணர் குலத்துக்காரன், மீனவர் வீடு, வேட்டுவர் வீடு, உழவர் வீடு, அரசன் வீடு என்று எல்லா இடத்திலும் உட்கார்ந்து சாப்பிடுகிறான். இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். காபிக் கடைக்குப் போகும்போது தேவைப்படும்.

செஞ்சிக் கோட்டைக்கு வருவோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டை. நாயக்கர்களிடமிருந்து 1649-ல் பிஜப்பூர் சுல்தானுக்குப் போனது. 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயர்கள் 1690-லிருந்து 1698 வரை முற்றுகை போட்டார்கள். 1714-ல் தேசிங்கு ராஜா, ஆற்காட்டு நவாப்போடு மோதி உயிரை விட்டார். பாட்டும் கூத்துமாக அவர் கதை உங்களுக்குத் தெரியும், அதனால் விட்டுவிடுகிறேன். 2025-ல் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்தது செஞ்சி ஒன்றுதான்.

நம்முடைய கதைக்கு முக்கியமான வருஷம் 1750. அந்த வருஷம் செப்டம்பர் மாதம், ஒரே ராத்திரியில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி கோட்டைக்குள் புகுந்தார். மொகலாயர்களுக்கு எட்டு வருஷம் பிடித்த வேலை! 1761-ல் ஆங்கிலேயரிடம் பறிகொடுக்கும் வரை, பத்து வருஷத்துக்கும் மேல் செஞ்சி மலையில் பிரெஞ்சுக்காரர்களின் காவல். வெங்கடரமணர் கோயிலின் அழகான தூண்களைப் பெயர்த்து பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனவர்களும் இவர்களே.

இவர்களுக்குக் காபி உயிர். ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்திலிருந்து பிரெஞ்சுக் கம்பெனி காபிக்கொட்டை வாங்கி விற்றது. மோக்கா ஆளுநர் கம்பெனிக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியைத் தராமல் இழுத்தடிக்க, 1737-ல் பாண்டிச்சேரியிலிருந்து கப்பல்களை அனுப்பி அந்தத் துறைமுகத்தைப் பீரங்கியால் சுட்டார்கள். காபிக் கடைப் பாக்கியை இப்படி வசூலித்தவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது! கவர்னர் பூசை கேட்டுவிட்டுக் காபி குடித்த சேதியையெல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால், அந்தக் காபி கவர்னர் மாளிகை மாடியிலேயே நின்றுவிட்டது. செஞ்சிச் சீமையின் குடியானவர் அதற்குப் பிறகும் நூற்றைம்பது வருஷம் காலையில் நீராகாரம்தான் குடித்தார். கேழ்வரகுக் கூழ், மோர், பனங்காலத்தில் பதநீர், வேலை முடிந்தால் கள். காபி என்பது நம் ஊர்களில் ஏறக்குறைய நூறு வயசுச் சமாச்சாரம். அது வந்தபோது பத்திரிகைகளில் எழுந்த கூச்சல் இருக்கிறதே, இன்றைக்கு டாஸ்மாக்கைத் திட்டுகிற மாதிரியே இருக்கும். பழைய சோற்றைக் கெடுத்தது, பெண்களைக் கெடுத்தது, கள்ளைவிட மோசம்! இந்தக் கதையை விரிவாகச் சொல்லும் ஆ.இரா.வேங்கடாசலபதியின் புத்தகத்துக்கே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றுதான் பெயர்.

ரயில் போன ஊரெல்லாம் காபி கிளப் முளைத்தது. செஞ்சிக்கு இன்றுவரை ரயில் இல்லை. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இறங்கி, வண்டி பிடித்துத்தான் நாகரிகம் செஞ்சிக்கு வரவேண்டியிருந்தது. காபி கிளப் என்றால் 'பிராமணாள் காபி கிளப்'. வாசலில் அப்படியே போர்டு எழுதியிருக்கும். பல கடைகளில் உள்ளே பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். தாழ்த்தப்பட்டவர் என்றால் தெருவோடு சரி. தென்னிந்திய ரயில் நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளிலேகூட இந்தத் தடுப்பு 1941 வரை இருந்தது. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால், போர்டில் இருக்கும் 'பிராமணாள்' என்ற ஒற்றை வார்த்தையை எடுக்கச் சொல்லி, பெரியார் மறியலைத் தொடங்கினார். தினமும் ஆட்கள் போவதும் கைதாவதுமாக மாதக்கணக்கில் நடந்தது. அந்த வார்த்தை போனது அடுத்த வருஷம்தான்.

காபி கிளப்பில் இடம் கிடைக்காதவர்களுக்கு டீக்கடை வந்தது. அங்கேயாவது சமமாக உட்கார முடிந்ததா? கிராமத்து டீக்கடைகளில் சேரிக்காரர்களுக்குத் தனி கிளாஸ். குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்கவேண்டும். சில இடங்களில் கொட்டாங்கச்சி. 1955-லேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்துவிட்டது. ஆனால், இரட்டைக் குவளையை ஆய்வாளர்களும் இயக்கங்களும் இந்த நூற்றாண்டிலும் ஊர் ஊராகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். சில கடைகளில் இப்போது பேப்பர் கப் வந்து பிரச்னையைத் 'தீர்த்து'விட்டது. எல்லாருக்கும் பேப்பர் கப்பா, சிலருக்கு மட்டும் பேப்பர் கப்பா என்று பார்ப்பது என் பழக்கம். நீங்களும் பாருங்கள்.

இனி அந்த மாணவரின் இரண்டாவது கேள்வி.

வெள்ளைக்காரர் காலத்தில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் 'ஆப்காரி' ஏலம். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்குக் கடை. ஏலம் எடுத்தவர் போட்ட காசை எடுக்க வேண்டாமா? ஊரைக் குடிக்க வைத்தார். சென்னை மாகாண அரசுக்கு நிலவரியோடு போட்டி போடுகிற அளவுக்கு இந்த வருமானம் வந்தது. 1937-ல் ராஜாஜி பிரதமராகி (அப்போது முதல்வரை அப்படித்தான் அழைப்பார்கள்), அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கஜானாவில் விழும் ஓட்டையை எப்படி அடைப்பது? 1939-ல் பொது விற்பனை வரி போட்டார். இந்தியாவிலேயே அது முதல். அதாவது, கள் குடிக்காதவர் தலையில் வந்து விழுந்ததுதான் விற்பனை வரி. அந்த வரி போகவே இல்லை, குடி திரும்பி வந்தபிறகும்!

1948-ல் தென்னாற்காடு உட்பட மாகாணம் முழுக்க மதுவிலக்கு. இங்கேதான் செஞ்சி வட்டாரத்தின் விசேஷம். சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில் பாண்டிச்சேரி. 1954 வரை அது பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தில் இருந்தது. அங்கே சாராயத்துக்குத் தடையே கிடையாது. அதுவும் பாண்டிச்சேரி ஒரே துண்டு நிலமா என்ன? வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு என்று தென்னாற்காட்டு வயல்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. வரப்பைத் தாண்டினால் வேறு நாடு, வேறு சட்டம். லாரி ட்யூபில், சைக்கிள் கேரியரில், கீரைக் கூடைக்கு அடியில் என்று சரக்கு வரப்பைத் தாண்டியது. பிரெஞ்சுக்காரர் போனபிறகும் வரப்பு அப்படியேதான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1971-ல் கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்தினார், அவரே மறுபடி மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரியிலிருந்து கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003-ல் ஜெயலலிதா சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கிடமே கொடுத்தார். ஏலக்காரர் இருந்த இடத்தில் அரசாங்கமே கல்லாவில் உட்கார்ந்துகொண்டது.

இதில் அடிபட்டது யார் என்று கேட்டால், பனையேறிதான். செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பனை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து ஏறி, பாளையைச் சீவி, கலயம் கட்டுகிறார். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். அது சட்டபூர்வம். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். அது குற்றம். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே ஆள். ஒரு விரல் சுண்ணாம்பில் அவர் தொழிலாளியா, குற்றவாளியா என்பது முடிவாகிறது. பக்கத்துப் பாண்டிச்சேரியிலும் கேரளாவிலும் கள் விற்கலாம், இங்கே கூடாது. பீர் பாட்டில் மட்டும் அரசாங்கக் கடையிலேயே கிடைக்கும். இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கள்ளைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களையும் நான் முழுசாக நம்புவதில்லை. சம்பளத்தைக் கள்ளுக்கடையில் தொலைத்துவிட்டு வருபவனுக்காகக் காத்திருந்த பெண்கள், 1937-க்கு முன்னாலும் இருந்தார்கள்.

எயிற்பட்டினத்தை மறந்துவிடவில்லையே? பரதவர்கள் பாணனுக்கு முற்றிய தேறல் ஊற்றிய ஊர். அது இன்றைய மரக்காணம் என்பது அறிஞர்கள் கருத்து. விழுப்புரம் மாவட்டம், கிழக்குக் கடற்கரை. 2023 மே மாதம், அந்த மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பம் என்ற மீனவ கிராமத்தில் சிலர் பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தார்கள். அதில் இருந்தது மெத்தனால், தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் விஷம். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே கொடுமை. இரண்டு இடத்திலும் சேர்த்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த வருஷமே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். 2019-ல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை அதுவும் விழுப்புரம் மாவட்டம்தான். மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும்போது முதலில் தாக்குவது கண் நரம்பை. பலர் "கண்ணு தெரியலை" என்று சொல்லிக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நத்தத்தனார் சொன்ன பாம்பு வெறும் உவமை. இது நிஜமாகவே கடித்தது.

செத்தவர்கள் ஏன் டாஸ்மாக்குக்குப் போகவில்லை என்று கேட்டார்கள் சிலர். குவாட்டர் விலைக்கும் பாக்கெட் விலைக்கும் இருக்கும் வித்தியாசம், அன்றாடக் கூலிக்காரருக்குத்தான் தெரியும்.

போன வாரம் அந்த மாணவர் மறுபடி போன் செய்தார். ராஜகிரி உச்சி வரை ஏறினார்களாம். இறங்கி வந்ததும் நாக்கு வறண்டு, காபியெல்லாம் மறந்துபோய், சாலையோரத்தில் ஒரு பெரியவர் பானையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள்.

"பதநீர், சார். பனையோலையை மடிச்சு அதுல ஊத்திக் கொடுத்தார். ஆளுக்கு ரெண்டு குடிச்சோம்."

"எல்லாருக்கும் அதே ஓலையிலதானே?"

"ஆமாம் சார். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றேன்.