முட்டிக்குள் ஒரு நம்பர்

தொண்டிக் கடற்கரையில் பாதி வேலை தரையில்தான் நடக்கிறது. வலையில் சிக்கிய நண்டைக் கழற்றுவது, கிழிந்த வலையைச் சரிபார்ப்பது, மீனைக் கூறு வைத்து விற்பது எல்லாமே குத்தவைத்தோ சம்மணம் போட்டோ செய்கிற வேலைகள். பள்ளிவாசலில் தொழுகை இருப்புக்கும் முட்டி முழுசாக மடங்கியாக வேண்டும். வயதானவர்களிடம் விசாரித்தால், "முட்டி தேஞ்சு போச்சுப்பா" என்பார்கள். முதலில் தேய்வது எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு. அது போன பிறகு எலும்போடு எலும்பு உரசும். தைலம், மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் மதுரைக்குப் போய் மூட்டு மாற்று ஆபரேஷன் பற்றிக் கேட்பார்கள்.

அந்தச் செயற்கை மூட்டின் கதை 1890இல் பெர்லினில் தொடங்குகிறது. தெமிஸ்டோக்ளஸ் குளுக் என்ற மருத்துவர், காசநோய் அரித்த முட்டிகளில் யானைத் தந்தத்தில் செய்த கீலைப் பொருத்தினார். சீழ் பிடித்ததால் முயற்சி நிலைக்கவில்லை. 1951இல் ஸ்வீடனின் வால்டியஸ் அக்ரிலிக் கீலைக் கொண்டுவந்தார். ஆனால் முட்டி கதவுக் கீல் மாதிரி ஒரே திசையில் மடங்குவதில்லை. மடங்கும்போதே உருளும், சறுக்கும், கொஞ்சம் திரும்பவும் செய்யும். அதனால் கீல் மூட்டுகள் நாளாவட்டத்தில் எலும்பிலிருந்து தளர்ந்துபோயின.

1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சால், சித்தரஞ்சன் ரணாவத், பீட்டர் வாக்கர் மூவரும் கீலையே விட்டுவிட்டார்கள். தொடையெலும்பு முனைக்கு உலோக உறை, கீழெலும்பின் மேல் பாலிஎத்திலின் தட்டு. இன்று பொருத்தப்படும் மூட்டுகளின் அடிப்படை இதுதான். மூவரில் ரணாவத் மத்தியப் பிரதேசத்துக்காரர். 2000 அக்டோபரில் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் பிரதமர் வாஜ்பாயின் இடது முட்டியை மாற்றியவர் அவரேதான். 2001 ஜூனில் வலது முட்டி. செய்தித்தாள் படித்தவர்களுக்கெல்லாம் அந்த ஆபரேஷன் தெரிந்துபோனது.

ஆனால் தொடக்க கால மூட்டுகள் நாற்காலியில் உட்காரும் வாழ்க்கைக்காகச் செய்யப்பட்டவை. சுமார் 90 டிகிரி மடங்கினால் நாற்காலிக்குப் போதும். குத்தவைக்க 120க்கு மேல் வேண்டும். அதிகம் மடங்கும் வகைகள் பின்னாளில் வந்தன. இருந்தும், "தரையில உட்காராதீங்க" என்றுதான் மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். வலி போய்விடும், சரி. மீன் கூறு வைக்கிற வேலை திரும்பக் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

இன்னொரு கேள்வி: பொருத்திய மூட்டு கெட்டுப்போனால் யாருக்குத் தெரியும்? ஒரு மருத்துவர் கண்ணில் படுவது நாலைந்து கேஸ்தான். ஆயிரக்கணக்கான பேரின் கணக்கைச் சேர்த்து வைத்தால்தான் பழுது யாருடையது என்று புரியும். ஸ்வீடன் 1975இலேயே முட்டி மாற்றுக்குத் தேசியப் பதிவேடு தொடங்கியது. இந்தியாவில் இருப்பதோ மருத்துவர்கள் விருப்பப்பட்டால் விவரம் அனுப்பும் பதிவேடு.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை ஓர் இடுப்பு மூட்டு காட்டியது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான டெப்யூ தயாரித்த ஏஎஸ்ஆர் மூட்டில் உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் உடம்பில் கலந்தன. சீக்கிரமே பழுதாகிறது என்று ஆஸ்திரேலியப் பதிவேடு காட்ட, 2009இல் அங்கே விற்பனை நின்றது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது வைக்கப்பட்டிருந்தது. மத்திய அரசின் நிபுணர் குழு விசாரித்தபோது, நிறுவனத்தின் உதவித் திட்டத்தில் பதிந்திருந்தவர்கள் ஏறத்தாழ 1,080 பேர். மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. தன் இடுப்பில் இருப்பது திரும்பப் பெறப்பட்ட பொருள் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

முட்டிக்கும் இதே கதை உண்டு. 2021, 2022இல் அமெரிக்காவின் எக்ஸாக்டெக் நிறுவனம் தன் முட்டிகளின் பிளாஸ்டிக் தட்டுகளைத் திரும்பப் பெற்றது. காரணம் பொட்டலப் பை! ஆக்சிஜனைத் தடுக்கும் ஓர் அடுக்கு அதில் இல்லை. உள்ளே நுழைந்த காற்று, பொருத்துவதற்கு முன்பே பிளாஸ்டிக்கைப் பலவீனமாக்கக்கூடியது. எந்த ஆண்டு, எந்தப் பை என்பதைத் தொடர் நம்பரை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

2017 ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முட்டி மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. எல்லோரும் விலையைப் பற்றியே பேசினோம். அதே ஆணையில் இன்னொரு வரியும் இருந்தது: மருத்துவமனை பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்ட வேண்டும், கூடவே பிராண்ட், தயாரித்த அல்லது இறக்குமதி செய்த நிறுவனம், பேட்ச் நம்பர் எல்லாம் இருக்க வேண்டும்.

வீட்டில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்தப் பில்லைத் தேடிப் பாருங்கள். மூட்டு வந்த பெட்டியின் ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டிருக்கும், அதற்கும் ஒரு நகல் கேளுங்கள். செல்போனில் படம் எடுத்து வைத்தாலும் போதும். நாளைக்கு ஏதோ ஒரு பேட்ச் பழுது என்று செய்தி வந்தால், தொண்டியில் இருக்கிற அந்தப் பாட்டி தன் முட்டியும் அதில் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு நம்பர்தான் வழி.