தீக்கோழியும் பூநாரையும்: ஒரு தேசம் தன்னைப் பார்த்த விதம்

பத்திரிகையாளன் என்ற முறையில் எத்தனையோ சமாதான ஆவணங்களைப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவற்றின் வாசகங்கள் மறந்துபோயின. 1992 இல் தென்னாபிரிக்காவில் பத்திரிகை இணைப்பாக வெளிவந்த மொன்ற் ஃபிளேர் அறிக்கை மாத்திரம் மறக்கவில்லை. எதிர்காலத்தை அது படங்களாகக் காட்டியதே காரணம்.

நெல்சன் மண்டேலா 1990 பெப்ரவரியில் விடுதலையானார். இனஒதுக்கல் ஆட்சியுடனான பேச்சுவார்த்தைகள் இழுபறியாக இருந்த 1991-92 காலப்பகுதியில், ஸ்ரெலன்பொஷ் நகருக்கு அருகே 22 பேர் பல தடவைகள் கூடினர். விடுதலை இயக்கத்தினர், வெள்ளையின வர்த்தகர்கள், தொழிற்சங்கத்தினர், கல்விமான்கள் அவர்களுள் அடங்குவர். நெறிப்படுத்தியவர், அப்போது ஷெல் நிறுவனத்தில் பணியாற்றிய அடம் கஹேன்.

நாட்டில் என்ன நடக்கக்கூடும் என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி. விடை நான்கு படிமங்களாக வந்தது. உடன்பாட்டை மறுத்து மணலில் தலைபுதைக்கும் தீக்கோழி. நீண்ட இடைக்கால ஆட்சியில் முடங்கும் சிறகொடிந்த வாத்து. அளவுமீறிச் செலவிட்டு, சூரியனை நெருங்கி மெழுகுச் சிறகுருகி வீழும் கிரேக்கப் புராணத்து இக்காரஸ். மெதுவாக, ஆனால் எல்லோருமாக மேலெழும் பூநாரைக் கூட்டம்.

தீக்கோழி அன்றைய ஆட்சியாளருக்கான எச்சரிக்கை. இக்காரஸோ நாளை ஆளவிருந்த ஆபிரிக்க தேசிய காங்கிரஸுக்கானது. நேரே சொல்லியிருந்தால் வசையாகியிருக்கும். படமாகச் சொன்னதால் இருதரப்பும் செவிமடுத்தன. அங்கிருந்த ட்ரெவர் மனுவெல் 1996 இல் நிதியமைச்சராகி, அரச செலவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்.

படிமங்கள் அந்நாட்டின் ஏற்றத்தாழ்வை ஒழித்துவிடவில்லை. ஆயினும் பகைவர்கள் ஒரே படத்தைப் பார்த்துப் பேச அவை வழிவகுத்தன.

மன்னாருக்கு வரும் பூநாரைகளைக் காணும்போதெல்லாம் எண்ணுவதுண்டு: எமது தலைவர்கள் எப்போதாவது ஒரே மேசையிலிருந்து இப்படியொரு படம் வரைந்தார்களா?