வாக்கும் வாசஸ்தலமும்

தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மவரிடம், "உங்களுக்கு ஓட்டு எங்கே இருக்கிறது?" என்று வினவினால், பலரிடமிருந்தும் "ஊரில் இருக்கிறது" என்ற விடையே வரும். நிலபுலனும் குலதெய்வமும் ஊரில் இருப்பதுபோல ஓட்டும் அங்கேயே இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் பற்றினால் பிறந்தது, சட்டத்தினால் பிறந்ததன்று. ஒருவருடைய வாக்கு எதைச் சார்ந்து நிற்கிறது? அவருடைய நிலத்தையா, வகுப்பையா, கட்சியையா, அன்றி அவர் குடியிருக்கும் இடத்தையா? இக்கேள்விக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளே நம் தேர்தல் முறையின் சரித்திரம் எனலாம். அச்சரித்திரத்தை இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

தேர்தல் என்றதும் தமிழருக்கு உத்தரமேரூர் நினைவுக்கு வருவது இயல்பு. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் அங்கிருந்த பிராமண சபையின் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். இதை நாம் பெருமையுடன் பேசுகிறோம், பேசத் தக்கதே. ஆயினும், அந்தத் தகுதிகளையும் உடன் படிப்பதே முறை. கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் வசிக்க வேண்டும். வயது 35-க்கும் 70-க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். வேதக் கல்வியும் வேண்டும். கரோல் பாக்கிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவருடைய ஓலை அக்குடத்தில் விழுந்திருக்காது.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் வாக்கு பெரும்பாலும் சொத்தையே பற்றி நின்றது. 1909-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் முஸ்லிம்களுக்கு வகுப்புவாரித் தொகுதிகளை அளித்தது. 1919, 1935-ஆம் ஆண்டுச் சட்டங்கள் அம்முறையை மேலும் விரித்தன. நிலச்சுவான்தார்களுக்கும், வர்த்தக சங்கங்களுக்கும், பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கும் விசேஷத் தொகுதிகள் இருந்தன. நிலவரி, வீட்டு வரி, படிப்பு ஆகியவையே வாக்காளரின் இலக்கணம். பெண்களிற் பலர் தம் கணவரின் சொத்துத் தகுதியால் மட்டுமே ஜாபிதாவில் இடம் பெற்றனர். 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாகாணத் தேர்தல்களுக்கு ஏறத்தாழ 3½ கோடிப் பேரே வாக்காளராயினர். டில்லிக்கோ மாகாணச் சட்டசபையே கிடையாது. மத்தியச் சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தானம் ஒன்றே அதற்கு இருந்தது.

சுதந்திரம் வந்ததும் இந்நிலை அடியோடு மாறியது. அரசியலமைப்புச் சட்டம் முற்றுப்பெறுவதற்கு முன்னரே, வயது வந்தோர் அனைவரும் அடங்கிய ஜாபிதாவைத் தயாரிக்கும் பணியை அரசியல் நிர்ணய சபையின் காரியாலயம் டில்லியிலிருந்து தொடங்கியது. 1948-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் கட்டளைகள் சென்றன. 1948 மார்ச் 31-இல் முடியும் ஓராண்டில் 180 நாட்களுக்குக் குறையாமல் ஓரிடத்தில் வசித்தவரையே அவ்விடத்து வாக்காளராகப் பதிய வேண்டும் என்பது விதி.

இவ்விதி காகிதத்தில் நேர்மையாகவே தோன்றிற்று. ஆனால் அதே நாட்களில் டில்லியின் புராணா கிலாவிலும் கிங்ஸ்வே முகாமிலும் தங்கியிருந்த அகதிகளின் நிலை என்ன? மேற்குப் பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் உடுத்த துணியுடன் வந்தவர்கள் 180 நாள் வாசத்திற்கு எங்கிருந்து சான்று காட்டுவார்கள்? வீடே இல்லாதவருக்கு விலாசம் ஏது? அதிகாரிகள் இங்கே ஒரு துணிவான முடிவு செய்தனர். "இவ்விடத்திலேயே நிலையாக வசிக்கக் கருதியுள்ளேன்" என்று அகதி ஒருவர் பிரகடனம் செய்தால் போதும், அவர் பெயரை ஜாபிதாவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பணித்தனர். வாக்கு நிலத்தைச் சார்ந்ததன்று, வகுப்பைச் சார்ந்ததன்று. மனிதரையும் அவர் வாழும் இடத்தையும் மட்டுமே சார்ந்தது என்னும் கொள்கை நடைமுறையில் வேரூன்றிய தருணங்களுள் இதுவும் ஒன்று. இடம் விட்டு இடம் பெயர்ந்து வாழும் நாம் இதனை நன்றியுடன் நினைத்தல் தகும்.

1950-இல் அரசியலமைப்புச் சட்டம் அக்கொள்கையை நிலைநாட்டியது. மதம், இனம், ஜாதி, பால் காரணமாக எவரையும் பொது ஜாபிதாவிலிருந்து விலக்கலாகாது என்று அதன் 325-ஆவது ஷரத்தும், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை உண்டு என்று 326-ஆவது ஷரத்தும் கூறின. அன்று 21 ஆக இருந்த வயது வரம்பு, 1989 முதல் 18 ஆயிற்று. தேர்தல் கமிஷன் 1950 ஜனவரி 25-ஆம் நாள் தோன்றியது. ஸ்ரீ சுகுமார் சென் அதன் முதல் தலைமை ஆணையரானார்.

ஆயினும், உரிமை இருப்பது வேறு. பெயர் இருப்பது வேறு. வட இந்தியாவின் பல பகுதிகளில், கணக்கெடுக்கச் சென்றவரிடம் பெண்கள் தம் பெயரைக் கூற மறுத்து, "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய மகள்" என்றே கூறினர். அவ்வாறு பதிந்த பதிவுகளை ஏற்க சுகுமார் சென் இசையவில்லை. சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. கடுமையான முடிவுதான், எனினும் ஒவ்வொரு பெண்ணும் தன் பெயராலேயே பிரஜை என்பதை அது நாட்டுக்கு உணர்த்திற்று.

1951 அக்டோபர் 25 முதல் 1952 பிப்ரவரி வரை முதல் பொதுத்தேர்தல் நடந்தது. வாக்காளர் 17 கோடியே 30 லட்சத்திற்கு மேற்பட்டோர். அவர்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆதலால் ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி வைத்து, அதில் அவருடைய சின்னத்தை ஒட்டினர். வாக்காளர் சீட்டில் யாதொரு குறியும் இட வேண்டியதில்லை. வேண்டிய பெட்டியில் போட்டால் போதும். 1957-லும் இதுவே முறை. 1960-இல் கேரள இடைக்காலப் பொதுத்தேர்தலில் சீட்டிலேயே முத்திரையிடும் முறை வந்து, 1962 பொதுத்தேர்தலில் நாடெங்கும் பரவியது.

இந்த இரண்டு தேர்தல்களிலும் இருந்து, பின்னர் மறைந்துபோன மற்றொன்று இரட்டை உறுப்பினர் தொகுதி. 1952-இல் லோக் சபையின் 489 ஸ்தானங்களுக்கு 401 தொகுதிகளே இருந்தன. அவற்றுள் 86 தொகுதிகள் இருவரையும், வடக்கு வங்காளத் தொகுதி மூவரையும் அனுப்பின. இரட்டைத் தொகுதியில் ஒரு ஸ்தானம் பொதுவானது; மற்றது தாழ்த்தப்பட்டோர்க்கோ பழங்குடியினர்க்கோ ஒதுக்கப்பட்டது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. இரண்டையும் ஒருவருக்கே அளிக்க இயலாது.

1957-இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் இம்முறை எதிர்பாராத விளைவொன்றைத் தந்தது. ஒதுக்கீட்டு ஸ்தானத்தைப் பழங்குடி அபேட்சகர் ஒருவர் பெற்றார். எஞ்சியவருள் மிகுதியான வாக்குகள் பெற்றவரும் பழங்குடியினராகவே இருந்ததால், பொது ஸ்தானமும் அவருக்கே கிட்டியது. தோற்றவர் முன்னாள் மத்திய மந்திரி ஸ்ரீ வி.வி. கிரி. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. பொது ஸ்தானம் என்பது எல்லோர்க்கும் பொதுவே. பழங்குடியினர் அதற்கு அயலார் அல்லர் என்பது 1959-இல் வந்த தீர்ப்பின் சாரம். தோல்வியுற்ற கிரி அவர்கள் 1969-இல் குடியரசுத் தலைவரானது பிந்திய கதை. 1961-இல் தனிச்சட்டம் ஒன்றினால் இரட்டைத் தொகுதிகள் ஒழிக்கப்பட்டன. அதன் பிறகு ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்பதே மாறாத விதியாயிற்று.

வேறு வழியே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வேண்டுமென்று அரசியல் நிர்ணய சபையிலேயே காஜி சையத் கரீமுதீன் முதலியோர் வாதித்தனர். மக்களின் எழுத்தறிவையும் சர்க்காரின் நிலைபேற்றையும் கருதி டாக்டர் அம்பேத்கர் அதனை மறுத்தார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. 1952-இல் காங்கிரஸ் சுமார் 45 சதவீத வாக்குகளுடன் 364 ஸ்தானங்களைப் பெற்றது. அதாவது வாக்குப் பாதிக்கும் குறைவு, ஸ்தானம் நான்கில் மூன்று பங்கு.

மறுமுறையின் இடர்களை அறியப் போலந்தைப் பார்க்கலாம். கம்யூனிஸ்டு ஆட்சி நீங்கியபின் அந்நாடு 1991-இல் விகிதாசார முறையில் தேர்தல் நடத்திற்று. 460 பேர் கொண்ட சபையில் 29 குழுக்கள் நுழைந்தன. நிலையான மந்திரிசபை அமைப்பது அரிதாயிற்று. அதனால் 1993-இல், 5 சதவீத வாக்குப் பெறாத கட்சிக்கு ஸ்தானம் இல்லையென வரம்பு கட்டினர். அப்போது மூன்றிலொரு பங்கு வாக்குகள் பயனின்றிப் போயின. ஹங்கேரியோ ஒரு பகுதியைத் தொகுதி வாரியாகவும், மற்றொரு பகுதியைக் கட்சிப் பட்டியல் வாரியாகவும் நிரப்பும் கலப்பு முறையை மேற்கொண்டது. பட்டியல் முறையில் வாக்கு முதன்மையாகக் கட்சியைச் சார்கிறது. வெளிநாட்டில் வாழும் போலந்துப் பிரஜைகள் இடும் வாக்குகளை வார்சா தொகுதியின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். நம் முறையில் அது இயலாது. இங்கே ஒவ்வொரு வாக்கும் ஒரு தெருவுக்கும் ஒரு வீட்டுக்கும் உரியது.

அவ்வாறாயின், டில்லியில் பணிபுரியும் தஞ்சாவூர்க்காரரின் வீடு எது? 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், தொகுதியில் "சாதாரணமாக வசிப்பவர்" எவரோ அவரே வாக்காளர் என்கிறது. சட்டங்களை மொழிபெயர்க்கும் நம் போன்றோர்க்கு இச்சொற்றொடர் எளிதாகத் தோன்றும், பொருளோ எளிதன்று. ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பது ஒன்றினாலேயே ஒருவர் அங்கே வசிப்பவராகக் கருதப்படமாட்டார் என்று அச்சட்டமே தெளிவுறுத்துகிறது. தற்காலிகமாக வெளியூர் சென்றவர் தம் உரிமையை இழப்பதில்லை என்றும் கூறுகிறது. ஆனால் இருபது ஆண்டுகளாக டில்லியில் ரேஷன் வாங்கி, குழந்தைகளைப் படிக்கவைத்து, கோடை விடுமுறைக்கு மட்டும் ஊர் செல்பவரைத் தற்காலிகமாக வந்தவர் என்று எப்படிக் கூறுவது? இரண்டு தொகுதிகளில் பெயர் இருத்தல் கூடாது. பொய்ப் பிரகடனம் தண்டனைக்குரியது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பிற நாட்டுக் குடியுரிமை பெறாது சிங்கப்பூரில் பணிபுரியும் தமிழர், பாஸ்போர்ட்டில் கண்ட சொந்த ஊரிலேயே வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். டில்லித் தமிழருக்கு அச்சலுகை இல்லை. இருந்த இடத்திலிருந்தே ஊர்த் தொகுதிக்கு வாக்களிக்க உதவும் இயந்திரம் ஒன்றைத் தேர்தல் கமிஷன் 2023 ஜனவரியில் கட்சிகளிடம் முன்வைத்தது. 72 தொகுதிகளின் வாக்குகளை ஒரே சாவடியில் ஏற்கவல்லது அது. கட்சிகள் பலவும் ஐயங்களை எழுப்பின. அம்முயற்சி நடைமுறைக்கு வரவில்லை.

வாக்கு என்பது ஐந்தாண்டுக்கொருமுறை விரலில் வைக்கும் மை மட்டுமன்று. 2025-இல் பீகாரில் ஜாபிதாவைத் தீவிரமாகத் திருத்தியபோது, வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றுள் பெரும்பகுதி, நிலையாகக் குடிபெயர்ந்தவர் அல்லது காணப்படாதவர் என்று குறிக்கப்பட்டவை. அத்திருத்தம் பின்னர்த் தமிழ்நாட்டிலும் நடந்தது. அதே 2025-இல், ஜூன் முதல் நாள், டில்லி ஜங்புராவை அடுத்த மதராஸி காம்ப்பில் தமிழர் பல்லாண்டு வாழ்ந்த சுமார் 370 குடிசைகள் நீதிமன்ற உத்தரவின்படி அகற்றப்பட்டன. ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களே முதலில் மாற்று வீட்டுக்குத் தகுதியுடையனவாக எண்ணப்பட்டன. டில்லி சர்க்காரின் மறுகுடியமர்த்தல் கொள்கையில், குறித்த ஆண்டுகளின் வாக்காளர் ஜாபிதாவில் பெயர் இருப்பது இன்றியமையாத தகுதிகளுள் ஒன்று. வாசஸ்தலம் வாக்கைத் தருகிறது என்று கண்டோம். இங்கே வாக்குப் பதிவு வாசஸ்தலத்திற்கே சான்றாகிவிட்டது.

ஓட்டை இடம் மாற்றிக்கொள்வது ஊரைத் துறப்பதாகாது. ஊரின் மேலுள்ள அன்பைச் சட்டம் அளப்பதில்லை. அது கேட்பது, எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறீர், எந்தச் சாலையில் நடக்கிறீர் என்பதையே. அக்குழாயையும் சாலையையும் பற்றி முடிவு செய்யும் சபையில் நமக்கும் குரல் வேண்டுமன்றோ? உண்மையாகவே சில மாதங்களுக்கென வந்தவர் ஊர்ப் பதிவை வைத்துக்கொள்ளட்டும். நிலைத்துவிட்டவர், புதிய விலாசத்துக்கு மாற்றக் கோரும் 8-ஆம் படிவத்தை நிரப்பி அளிக்கட்டும். அளித்தபின் ஜாபிதா வெளியாகும்போது தம் பெயரும், தம் வீட்டுப் பெண்டிர் பெயரும் பிழையின்றி இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளட்டும். புராணா கிலாவில் விலாசமின்றி நின்ற அகதிக்கு, இங்கே வாழக் கருதுகிறேன் என்ற ஒரு வாக்கியமே விலாசமாயிற்று. விலாசமுள்ள நாம் அதனை எழுதிக் கொடுக்கச் சோம்புதல் அழகன்று.