மலை நீரின் கணக்கு
தாப்பா மின்திட்டமும் உகந்த நிலைக் கணிதத்தின் வரலாறும்

தாப்பா நகரிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் செல்வோர் அருவியையும் அடர்ந்த காட்டையும் பூர்வகுடி மக்களின் சாலையோரக் கடைகளையும் கண்டு மகிழ்வர். அம்மலையின் வயிற்றுக்குள்ளே ஆற்று நீர் சுரங்கவழியாக ஓடிக்கொண்டிருப்பதை அவர்களுட் பலர் அறியார். பஹாங் எல்லைக்குள் பிறந்து, கிழக்கே பஹாங் ஆற்றோடு கலந்து, தென்சீனக் கடலை அடைய வேண்டியவை தெலோம், பெர்த்தாம் என்னும் இரண்டு ஆறுகள். அவற்றின் மேற்பகுதி நீர் 1963ஆம் ஆண்டு முதல் மேற்கே திருப்பப்பட்டுப் பேராக் மாநிலத்துக்குள் இறங்குகிறது. தாப்பாவை ஒட்டி ஓடும் பத்தாங் பாடாங் ஆற்றில் கலந்து, பீடோர் ஆறு, பேராக் ஆறு வழியாக மலாக்கா நீரிணையை அடைகிறது. ஒரு கடலுக்குரிய நீர் மற்றொரு கடலுக்குச் செல்கிறது.

இது பொறியியலின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும் மலையைக் குடைந்து முடித்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. கையில் உள்ள நீர் கொஞ்சம்; அதற்குரிய தேவையோ மிகுதி. எந்த நேரத்தில் எவ்வளவு நீரை விடுவது? இக்கேள்விக்கு விடை தருவது, எல்லைக்குட்பட்ட பொருளைக் கொண்டு மிகுந்த பயன் பெறும் வழியைக் காணும் கணிதம். அதனை உகந்த நிலைக் கணிதம் என்பர். அக்கணிதம் வளர்ந்த காலமும் இத்திட்டம் உருவான காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலின் இரண்டையும் சேர்த்துக் காண்பது பயன் தரும்.

திட்டம் உருவான கதை

பேராக் மாநிலத்துக்கு நீர்மின்சாரம் புதிதன்று. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயலம்பங்களுக்கு மின்சாரம் தரும் பொருட்டு, பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் 1930ஆம் ஆண்டை ஒட்டிச் சென்டரோ அணையைக் கட்டி முடித்தது. போருக்குப் பின்னர், 1949ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. அதுவே 1965இல் தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறி, 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனமாயிற்று. விடுதலை பெற்ற மறு ஆண்டே, அதாவது 1958இல், கேமரன் மலைத் திட்டத்துக்கு உலக வங்கி கடன் வழங்கியது.

ரிங்லெட்டில் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பக்கார் அணை எழுந்தது. தெலோம் ஆற்றின் நீர் ஒரு சுரங்கவழியாகப் பெர்த்தாமுக்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டும் சேர்ந்து ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் தங்கி, அங்கிருந்து மற்றொரு சுரங்கவழியாக ஜோர் என்னுமிடத்தில் நிலத்தடியில் அமைந்த மின்நிலையத்துக்கு இறங்குகின்றன. இன்று சுல்தான் யூசுப் மின்நிலையம் எனப்படும் அதில் 25 மெகாவாட் ஆற்றலுள்ள நான்கு இயந்திரங்கள் உள்ளன. அவற்றை ஓட்டிய நீரும் வீணாவதில்லை. பத்தாங் பாடாங் திட்டத்தின்படி அது மேலும் கீழே இறங்கி, 150 மெகாவாட் ஆற்றலுள்ள வோ மின்நிலையத்தை 1968 முதல் இயக்கி வருகிறது.

இரண்டரை நாள் நீர்

இத்திட்டத்தின் வலிமை நீரின் அளவில் இல்லை. அது விழும் உயரத்தில் உள்ளது. ரிங்லெட்டிலிருந்து ஜோர் வரை ஏறத்தாழ 570 மீட்டர் இறக்கம். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் ஒரு கன மீட்டர் நீர், இயந்திர இழப்புகளைக் கழித்தால், சுமார் ஒன்றேகால் யூனிட் மின்சாரம் தரும். நான்கு இயந்திரங்களும் முழு ஆற்றலுடன் ஓட, வினாடிக்கு ஏறக்குறைய 21 கன மீட்டர் நீர் வேண்டும்.

நீர்த்தேக்கமோ சிறியது. கட்டிய காலத்தில் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 63 லட்சம் கன மீட்டர். அதில் எடுத்துப் பயன்படுத்தத் தக்கது 47 லட்சம்; எஞ்சிய 16 லட்சம் அடிமட்டத்தில் நிற்பது. 47 லட்சத்தை வினாடிக்கு 21 வீதம் செலவிட்டால் அறுபத்திரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நிரம்பிய ஏரி இரண்டரை நாளுக்கே போதும் என்பது இதன் பொருள்.

ஆகவே இந்த ஏரி பருவ மழையைச் சேர்த்து வைத்து ஆண்டு முழுவதும் உண்ணும் களஞ்சியம் அன்று. நள்ளிரவில் வரும் நீரை மாலைக்கும், இன்று வரும் நீரை நாளைக்கும் காத்து வைக்கும் சிறு பானை. தேவை உச்சத்தை எட்டும் நேரத்தில் விடும் நீருக்கும், ஊர் உறங்கும் நேரத்தில் விடும் நீருக்கும் மதிப்பு ஒன்றன்று. இந்த வேறுபாட்டிலேதான் கணக்கு பிறக்கிறது.

கணிதம் வளர்ந்த வழி

நீர்த்தேக்கத்துக்குக் கணக்குப் போடும் முறையை 1883இல் ரிப்பிள் என்னும் பொறியாளர் வகுத்தார். ஆற்றில் வந்த நீரை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போய் ஒரு வளைகோடு வரைவது. தேவையைக் கூட்டி மற்றொரு கோடு வரைவது. இரண்டுக்கும் இடையே தோன்றும் பெரும் இடைவெளியே கட்ட வேண்டிய ஏரியின் அளவு. எளிமையும் பயனும் வாய்ந்த இம்முறை நெடுங்காலம் பொறியாளர்களுக்குத் துணை நின்றது. ஆனால் அது எவ்வளவு பெரிய ஏரி வேண்டும் என்று சொல்லுமே தவிர, கட்டிய ஏரியை எப்படி ஆள்வது என்று சொல்லாது.

அடுத்த அடி 1939இல் லெனின்கிராடில் வைக்கப்பட்டது. ஒட்டுப்பலகைத் தொழிலைச் சேர்ந்தோர், வெவ்வேறு திறனுள்ள இயந்திரங்களுக்கு மரங்களை எவ்வாறு பங்கிட்டால் உற்பத்தி மிகும் என்று கந்தரோவிச் என்னும் இளம் கணித அறிஞரை வினவினர். அவர் கண்ட விடை ஓர் ஆலைக்கு மட்டுமன்றிப் பங்கீடு உள்ள இடமெல்லாம் பொருந்துவதாயிற்று. 1947இல் அமெரிக்க விமானப்படைக்குப் பணியாற்றிய டான்சிக், அத்தகைய கணக்குகளைப் படிப்படியாகத் தீர்க்கும் முறையைத் தந்தார். கந்தரோவிச் 1975இல் கூப்மன்சுடன் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நீருக்கு இன்னும் நெருங்கிய கணக்கைச் செய்தவர் பிரான்சு நாட்டின் பியர் மாசே. நீர்மின் துறையில் பழகிய அவர், தேக்கி வைத்த நீரின் மதிப்பு என்பது எதிர்காலத்தில் அது தரக்கூடிய பயனே என்பதை 1946இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இதே எண்ணத்தை 1950களில் அமெரிக்கக் கணித அறிஞர் பெல்மன் பொதுமுறையாக்கினார். கடைசி நாளில் தொடங்கி, ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கி வந்து இன்று செய்ய வேண்டியதை முடிவு செய்வது அவர் முறை.

ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். ஓர் ஏரியில் இரண்டு பங்கு நீரே கொள்ளும்; இப்போது இரண்டும் உள்ளன. எந்த நாளாயினும் அன்று மாலை விடும் முதற்பங்கு 10 வெள்ளி மதிப்புள்ள எரிபொருளை மிச்சப்படுத்தும். இரண்டாம் பங்கு 4 வெள்ளி மட்டுமே. நாளை மழை பெய்தால் ஏரி தானே நிரம்பிவிடும். காத்து வைத்த நீர் வழிந்து பயனற்றுப் போகும். பெய்யாவிட்டால், காத்து வைத்ததே முதற்பங்காகி 10 வெள்ளி தரும். மழைக்கும் மழையின்மைக்கும் வாய்ப்புச் சமம் எனில், காத்து வைத்த பங்கின் மதிப்பு 10இல் பாதி, அதாவது 5 வெள்ளி. இன்று விட்டால் கிடைப்பது 4. ஆகவே ஒரு பங்கைக் காப்பதே முறை. மழைக்கான வாய்ப்புப் பத்தில் ஆறைக் கடந்தால் விடை மாறும். இரண்டையும் இன்றே விடுவது நலம்.

ஜோரும் வோவும் ஒரே நீரைப் பகிர்வதால் இக்கணக்கு மேலும் விரியும். பேராக் ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், சென்டரோ என நான்கு நிலையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதால் அங்கு இன்னும் சிக்கலானது. பல நிலையங்கள், பல நாட்கள், மழையின் பல வாய்ப்புகள் எனக் கூடும்போது கணினி இன்றியமையாததாகிறது. ஆயினும் அடிப்படை மேற்சொன்ன இரண்டு பங்கு நீரின் கணக்கேயாம்.

கணக்கில் புகுந்த மண்

இக்கணக்கில் சொல்லப்படாத ஒரு நிபந்தனை உண்டு. ஏரியில் இரண்டு பங்கு நீருக்கு இடம் இருக்க வேண்டும். ஒரு பங்குக்கே இடம் என்றால் இன்று விடுவதா, நாளைக்குக் காப்பதா என்று எண்ணும் வசதி சுருங்கிவிடும். ரிங்லெட் ஏரிக்கு நேர்ந்தது இதுவே.

மலைச்சரிவில் காட்டை வெட்டினால் மண் ஆற்றுக்கு வரும் என்பது அணை கட்டுவதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஷாலோ என்பவர் 1956இல் வெளியிட்ட கேமரன் மலை ஆற்றளவைகளில், காடு மிகுந்த தெலோமைக் காட்டிலும், திருத்திய நிலம் மிகுந்த பெர்த்தாம் ஒரு சதுரக் கிலோமீட்டருக்குப் பல மடங்கு மண் சுமந்து வருவது பதிவாயிற்று. ஏரியின் அடியில் வண்டலுக்கும் இடம் இருந்தது. ஆனால் பின்வந்த ஆண்டுகளில் காய்கறித் தோட்டங்களும் குடியிருப்புகளும் சாலைகளும் பெருகின. நீரைக் கூட்டித் தந்த தெலோம் சுரங்கவழியே மணலையும் கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டு நிறையுமுன் ஏரியின் ஏறத்தாழப் பாதியை மண் கொண்டது. மணல் கலந்த நீர் இயந்திரங்களையும் தேய்த்தது. தூர்வாரும் பணி முடிவில்லாத செலவாயிற்று.

இடம் குறைந்த ஏரி வெள்ளத்தையும் தாங்காது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் பின்னிரவில், கனமழையால் நீர்மட்டம் ஏறவே, அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றங்கரை ஓரத்து வீடுகளை வெள்ளம் வாரிச் சென்றது, உயிர்களும் போயின. மின்சாரத்தின் மதிப்பை வெள்ளியால் அளந்த கணக்கில், ஆற்றங்கரையில் உறங்கும் மக்களுக்கு என்ன எண் கொடுப்பது? அவர்களைப் பயன் என்னும் பக்கத்தில் எழுத இயலாது. மீறக்கூடாத எல்லை என்னும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

ஏரி வாரியம் கற்பிப்பது

தமிழ்நாட்டு உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்குப் பெயர் பெற்றவை. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதை வாசகர்கள் நினைவுகூர்தல் வேண்டும். தொண்டை நாட்டுக் கல்வெட்டுகள் சில, ஏரியில் ஓடம் விட்டு மண் எடுத்துக் கரையில் இடுவதற்கென்றே அறக்கட்டளைகள் வைக்கப்பட்டதைக் கூறுகின்றன. பெல்மனின் சமன்பாட்டை அவ்வூரார் அறியார். ஆனால் ஏரி என்பது ஒருமுறை வெட்டி முடிக்கும் பொருள் அன்று, ஆண்டுதோறும் மண்ணோடு போராடி மீட்க வேண்டிய இடம் என்பதை அறிந்திருந்தனர். அதனால் தூர்வாரும் செலவு விபத்துச் செலவாக வராமல், ஊர்க் கணக்கில் முன்கூட்டியே இடம் பெற்றது.

இன்றைய கணிதத்துக்கு இதனைச் சேர்த்துக்கொள்வது கடினம் அன்று. ரிங்லெட் ஏரியின் பயன்படும் பகுதியில் ஒரு கன மீட்டர் மண் தங்கினால், ஒன்றேகால் யூனிட் மின்சாரத்தை மாலைக்குக் காத்து வைக்கும் வசதி ஜோரில் மட்டும் போகிறது. வோவில் இழப்பது வேறு. அந்த இழப்பும் ஒருமுறையோடு நிற்பதில்லை. மண்ணை அகற்றும் வரை, ஏரி நிரம்பி வடியும் ஒவ்வொரு முறையும் தொடர்கிறது. இதனைக் கூட்டிப் பார்த்தால், மலைச்சரிவில் நிற்கும் காட்டுக்கும், தோட்ட ஓரத்தில் மண்ணைத் தடுக்கும் புல்வரம்புக்கும் வெள்ளிக் கணக்கிலேயே ஒரு மதிப்பு எழுதலாம். அம்மதிப்பு மின்நிலையத்தின் ஏட்டில் மட்டும் இருந்து பயனில்லை. காட்டைத் திருத்த அனுமதி தரும் அலுவலகத்தின் ஏட்டிலும் அது ஏற வேண்டும்.

உகந்த விடை என்பது எழுதிய நிபந்தனைகளுக்கு உட்பட்ட விடையே. எழுதாமல் விட்டதை மழையும் மண்ணும் பின்னர் எழுதிவிடும் என்பதை ரிங்லெட்டின் வரலாறு காட்டுகிறது.