சுண்ணாம்பு காத்த பங்களா

நம்ம பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் வியாபாரம் செய்த நாளில்தான், 1620இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். 1845இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தபின் இந்தத் துறைமுகம் படுத்தேவிட்டது.

கடலோரத்தில் கலெக்டர் குடியிருந்த பங்களாவை நீம்ரானா நிறுவனம் பழுதுபார்த்து ஓட்டலாக்கியது. இப்படிப்பட்ட பழைய சுவருக்கு சிமெண்ட் பூசினால் போச்சு! ஈரம் உள்ளேயே தங்கும், உப்பு செங்கல்லை அரிக்கும். சுண்ணாம்புப் பூச்சோ ஈரத்தை வெளியே விட்டுவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு இன்டாக் அமைப்பு தெரு வீடுகளையும் சீர்செய்தது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் நினைவாக முக்கியமாக மிஞ்சியது கல்லறைத் தோட்டம்தான். சிவில் படிக்கும் தம்பி தங்கைகளே, ஆள் புழங்கும் வீடு லேசில் விழாது. அங்கே நிற்கிற பழைய வீடுகளை ஒருநாள் போய் அளந்து, வரைந்து வையுங்கள்.