தென்னாற்காட்டுத் தொண்டையும் குன்னூர்ச் சோதனைச்சாலையும்

கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னாற்காடு ஜில்லாவில் 1918-ஆம் ஆண்டு இன்ஃபுளுயன்சா என்னும் விஷ ஜுரத்துக்குப் பலியானவர்களின் கணக்கைத் தேடப் புகுகிறவர் மனம் தளரவே நேரும். ஏனெனில் கிராம முன்சீப்பின் மரணப் பதிவேட்டில் அவர்களில் பெரும்பாலோர் 'காய்ச்சல்' என்ற பொதுப் பெயரின் கீழ், மலேரியாவில் மாண்டவர்களோடு கலந்து மறைந்துபோனார்கள். முன்சீப்பைக் குறை கூறுவது தர்மமன்று. மேல்நாட்டுப் பண்டிதர்களிலேயே பலர் அன்று பைஃபர் கண்ட பாக்டீரியாவைத்தான் காரணமென்று நம்பியிருந்தார்கள். மனிதரைப் பீடிக்கும் இன்ஃபுளுயன்சா வைரஸ் பிரித்தறியப்பட்டது 1933-இல்தான்.

மலேயா சென்று பொருளீட்டிய நம் கரையோர ஜனங்களுக்கு நெடுநாள் பரிச்சயமான 'ரஜூலா' கப்பல், 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்தை அடைந்தபோது நோயாளிகளையும் சுமந்து வந்தது. ஆசிய ஃப்ளூ இந்தியாவில் காலடி வைத்தது அவ்விதமே. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் அப்பொழுது இன்ஃபுளுயன்சா மையம் ஒன்று இயங்கிற்று. நோயாளி தொண்டையில் கொப்பளித்த நீரைக் குளிர்ச்சி கெடாமல் கொணர்ந்து, கரு வளரும் கோழிமுட்டைக்குள் செலுத்தி, சில தினங்கள் இளஞ்சூட்டில் வைத்தபின், அம்முட்டையின் நீர் சிவப்பணுக்களைத் திரளச் செய்கிறதா என்று பார்ப்பார்கள். அல்லது ஜுரம் கண்டவுடனும் இரண்டு வாரம் கழித்தும் எடுத்த இரத்தங்களை ஒப்பிடுவார்கள். மஞ்சகுப்பத்திலோ சிதம்பரத்திலோ ஒருவர் படுத்திருந்தால், விடை வருமுன் அவர் எழுந்து நடமாடியிருப்பார், அல்லது பிழைத்திருக்கமாட்டார். தேசத்துக்கு உதவிய அந்தச் சாஸ்திரம் கட்டிலில் கிடந்தவருக்கு எட்டவில்லை என்பதே என் துணிபு. அவருக்கு வாய்த்தவை ஓய்வும், கஞ்சியும், ஆஸ்பிரினும், நிமோனியா தொடர்ந்தால் பென்சிலினும். 1958 பிப்ரவரிக்குள் நாடெங்கும் 44 லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளும் 1,098 மரணங்களும் பதிவாயின.

2020 மே மாதத்தில் கொரோனாத் தொற்றால் சென்னைக் கோயம்பேடு சந்தை மூடப்பட, அங்கே மூட்டை சுமந்தவர்கள் லாரிகளில் ஏறிக் கடலூர் ஜில்லாவின் கிராமங்களுக்குத் திரும்பினார்கள். மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் எடுத்த சளியில் வைரஸின் மரபுப் பொருளைப் பெருக்கிக் காணும் ஆர்டி-பிசிஆர் சோதனை, இருமலோ ஜுரமோ இல்லாத பலரிடத்தும் தொற்றை வெளிப்படுத்திற்று. சில நாட்களில் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறிற்று. முன்சீப்பின் பேரேட்டில் பெயரற்று மாண்டவர்களை எண்ணும்போது, உயிரோடிருக்கையிலேயே நோயின் பெயர் அறியப்பட்டு, வீட்டு முதியவருக்குப் பரவுமுன் தனியே வைக்கப்பட்ட இத்தொழிலாளிகளின் நிலை எவ்வளவு பெரிய மாறுதல்! சிகிச்சை அத்தனை விரைவாக முன்னேறவில்லை. ஆக்ஸிஜனும், ஜூனுக்குப் பின் டெக்ஸாமெத்தசோனும் உயிர்களைக் காத்தன. ஜனங்கள் சித்த வைத்தியத்தின் கபசுரக் குடிநீரையும் நம்பிக்கையோடு பருகினார்கள்.

அண்ணாமலை நகரில் 1985-இல் தோன்றிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021-இல் அரசின் சுகாதாரத் துறையைச் சார்ந்து, கடலூர் ஜில்லாவின் அரசு மருத்துவக் கல்லூரியாக மாறத் தொடங்கிற்று. ஃப்ளூவுக்குரிய மருந்தான ஓசெல்டாமிவிர், நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மிகுந்த பயன் தருவது. ஆகையால் இத்தகைய கல்லூரியில், ஜில்லாவுக்குள்ளேயே சோதனை நடப்பதும், அதன் முடிவு அன்றோ மறுநாளோ வைத்தியர் கைக்கு வந்து சேர்வதும் சிகிச்சையின் பகுதிகளே ஆகும்.